கருக்கலில் ஏழு நிமிடம்

காட்டுப்பன்றி பகல் வெளிச்சத்தில் வயலில் இறங்குவது அபூர்வம். ஆள் நடமாட்டம் ஓய்ந்து, எதிரே வருபவர் முகம் தெரியாத நேரம் வந்த பிறகே காட்டோரத்தில் அதன் உறுமல் கேட்கும். அதனால்தான் ஜெர்மனியில் பன்றி வேட்டைக்குப் போகிறவர்கள் மக்காச்சோள வயலின் ஓரத்தில் மரப்பரண் கட்டி, பொழுது சாயும் முன்பே ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள். அங்கே இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. 2019-20 வேட்டைப் பருவத்தில் மட்டும் அந்நாட்டில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுப்பன்றிகள் கொல்லப்பட்டன. 2020 செப்டம்பரில் பிராண்டன்பர்க் மாநிலத்தில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டறியப்பட்டபின், பண்ணைப் பன்றிகளைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயமும் சேர்ந்துகொண்டது.

மான் போன்ற குளம்பு விலங்குகளை இரவில் சுடக்கூடாது என்கிறது ஜெர்மானிய வேட்டைச் சட்டம். சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் கழிந்ததிலிருந்து, மறுநாள் உதயத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு வரை இரவு என்று கணக்கு. காட்டுப்பன்றிக்கு மட்டும் விலக்கு. ஆக, 60, 80 மீட்டர் தள்ளி, கறுத்த மண்ணின்மேல் நிற்கும் ஒரு கறுத்த உருவத்தை மங்கிய வெளிச்சத்தில் குறிபார்க்க வேண்டிய தேவை அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. துப்பாக்கியின்மேல் பொருத்தும் டெலஸ்கோப், அதாவது ஸ்கோப், அந்தி வேளைக்கென்றே மெருகேறியது ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும்தான்.

ஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, எது அதிக வெளிச்சம் தரும் என்று. அந்தக் கேள்வியிலேயே பிழை இருக்கிறது. எந்தக் கண்ணாடியும் வெளிச்சம் தருவதில்லை. கேட்க வேண்டியவை வேறு இரண்டு. எந்த நேரம் வரை என்னால் குறிவைக்க முடியும்? எந்த நேரம் வரை எதிரே நிற்பது இன்னதென்று என்னால் அறிய முடியும்? இந்த இரண்டு நேரங்களும் ஒன்றல்ல. கடந்த நூறாண்டில் வந்த கருவிகள் பலவும் முதல் நேரத்தை மிக நீட்டிவிட்டன. இரண்டாவதைக் கொஞ்சம்தான் நீட்டின. இருட்டில் நடக்கும் விபத்துகளின் வேர் இந்த இடைவெளியில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் இருட்டு எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்ப்போம். வானம் தெளிந்திருக்கும் நாளில், சூரியன் அடிவானத்தைத் தொடும்போது தரையில் ஏறத்தாழ 400 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். சூரியன் அடிவானத்துக்கு 6 பாகை கீழே போகும்போது அது ஏறத்தாழ 3.4 லக்ஸாகிவிடும். அதாவது நூறில் ஒரு பங்குக்கும் கீழே. ஏழு தடவை பாதி பாதியாகக் குறைந்தால் என்ன மிஞ்சுமோ அது. மதுரையில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் இதெல்லாம் 20, 25 நிமிடத்தில் முடிந்துவிடும். பெர்லினில் ஜூன் மாதம் சூரியன் சாய்வாக வழுக்கிக்கொண்டு போகும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே அங்கே கோடை அந்தியில் வெளிச்சம் ஒருமுறை பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நிமிடம். மதுரையில் அதுவே மூன்றரை நிமிடம். ஒரு கருவி இரு மடங்கு வெளிச்சத்தைக் காப்பாற்றித் தருகிறது என்றால், பெர்லின் பரணில் இருப்பவருக்கு அது தரும் லாபம் 7 நிமிடம். விளம்பரங்களில் வரும் எல்லா எண்களையும் இந்த அளவுகோலால் நிமிடங்களாக மாற்றிப் பார்க்கலாம்.

இனி கண். விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் இருப்பதைப் பள்ளியில் படித்திருப்போம். பகலில் வேலை செய்பவை கூம்பு செல்கள். நிறத்தையும் நுணுக்கத்தையும் அவைதான் தருகின்றன. இருட்டில் குச்சி செல்கள் பொறுப்பேற்கின்றன. குச்சி செல்களுக்கு நிறம் தெரியாது, நுணுக்கமும் தெரியாது. அவற்றை மட்டும் நம்பிப் பார்க்கும்போது, பகலில் 60 மீட்டரிலிருந்து படித்த எழுத்தைப் படிக்க 6 மீட்டர் வரை நெருங்கிப் போக வேண்டும். அதோடு, நாம் எதை உற்றுப் பார்க்கிறோமோ அதன் பிம்பம் விழும் நட்டநடு இடத்தில், விழித்திரையின் மையக்குழியில், குச்சி செல்களே கிடையாது. நேராகப் பார்த்தால் மறைந்துபோகும் மங்கலான நட்சத்திரம் சற்று ஓரமாகப் பார்த்தால் தெரிவது இதனால்தான். குறிபார்ப்பது என்பதோ நேராக உற்றுப் பார்ப்பது. இருட்டில் குறிபார்ப்பவர் தன் விழித்திரையில் பார்வையற்றுப்போன இடத்தைத்தான் இலக்கின்மேல் வைக்கிறார்.

செக் நாட்டு உடலியல் அறிஞர் யான் பர்கின்யே 1819-ல் கவனித்த ஒன்றும் இங்கே முக்கியம். பகலில் பளிச்சென்று தெரியும் சிவப்புப் பூ, விடியலின் அரையிருட்டில் கறுத்துப்போய், பச்சை இலை அதைவிட வெளிச்சமாகத் தெரிந்தது. கூம்பு செல்கள் 555 நானோமீட்டர் அலைநீளத்துக்கு, அதாவது மஞ்சள் கலந்த பச்சைக்கு, அதிகமாக விழித்துக்கொள்கின்றன. குச்சி செல்களின் உச்சம் 507 நானோமீட்டரில், நீலம் கலந்த பச்சையில் இருக்கிறது. அடர்சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறைய இல்லாத நிறம். இருட்டுக்கான குறிகளில் எங்கே சிவப்பு, எங்கே பச்சை என்ற முடிவெல்லாம் இந்தக் கண்டுபிடிப்பில்தான் நிற்கிறது.

கண் இருட்டுக்குப் பழகுவதற்கும் நேரம் வேண்டும். கூம்பு செல்கள் பத்து நிமிடத்துக்குள் முடிந்தவரை பழகிவிடும். குச்சி செல்கள் முழுமையாகப் பழக 30, 40 நிமிடம் ஆகும். பரணில் உட்கார்ந்து அந்த அரைமணி நேரத்தைச் சேர்த்து வைத்தவர், செல்போன் திரையை ஒருமுறை முழு வெளிச்சத்தில் பார்த்தால் பெரும்பகுதியை இழந்துவிடுவார். எந்த விலைக்கு வாங்கிய ஸ்கோப்பும் அதைத் திருப்பித் தராது.

இப்போது ஸ்கோப்புக்கு வருவோம். 8×56 என்று எழுதியிருந்தால், 8 மடங்கு பெருக்கம், முன் லென்ஸின் விட்டம் 56 மில்லிமீட்டர் என்று பொருள். 56-ஐ 8-ஆல் வகுத்தால் 7. கண்ணருகே வந்து விழும் ஒளிவட்டத்தின் விட்டம் 7 மில்லிமீட்டர். ஸ்கோப்பைக் கழற்றி, கை நீட்டிய தூரத்தில் வானத்தை நோக்கிப் பிடித்தால், பின் லென்ஸில் ஒரு வெளிச்சப் பொட்டு மிதப்பது தெரியும். அதுவே இந்த வட்டம். ஸ்கேல் வைத்தே அளக்கலாம். 8×56 என்ற அளவு ஜெர்மானிய அந்தி வேட்டையில் ஒரு மரபாகவே ஆனதற்குக் காரணம் அந்த 7. இளம் வயதில் இருட்டில் கண்மணி விரியும் அளவு ஏறக்குறைய அதுதான்.

ஆனால் வயது ஏற ஏறக் கண்மணி விரிவது குறைகிறது. ஐம்பது, அறுபது வயதில் பலருக்கு 5 மில்லிமீட்டர்தான். வாய்க்கால் எவ்வளவு அகலமாக வந்தாலும் மடையின் அகலத்துக்குத்தான் தண்ணீர் வயலில் பாயும். அதுபோல 7 மில்லிமீட்டர் வட்டத்தில் 5 மில்லிமீட்டருக்கு வெளியே விழும் ஒளி கண்ணுக்குள் போவதே இல்லை. பரப்பளவில் அது பாதி. அறுபது வயதுக்காரர் 8 மடங்குப் பெருக்கத்தில் 56 மில்லிமீட்டர் லென்ஸுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி வீண். 40 மில்லிமீட்டரே அவர் கண்ணை நிரப்பிவிடும். பெரிய லென்ஸுக்கு வேறொரு விலையும் உண்டு. குழலில் இடிக்காமலிருக்க ஸ்கோப்பை உயரமாகப் பொருத்த வேண்டும். அப்போது கன்னம் கட்டையில் பதியாமல் தலை தூக்கி நிற்கும்; ஒவ்வொரு முறையும் கண் வேறு வேறு இடத்தில் போய் நிற்கும். கடைக்குப் போகும் முன் இருட்டறையில் தன் கண்மணியின் அளவைத் தெரிந்துகொள்வது, பட்டியல் முழுவதையும் படிப்பதைவிடப் பயன் தரும். கண் மருத்துவரிடம் அளந்துகொள்ளலாம்.

எவ்வளவு பெரிய லென்ஸ் வைத்தாலும், ஸ்கோப் வழியே தெரியும் பன்றியின் முதுகு வெறுங்கண்ணுக்குத் தெரிவதைவிட ஒரு துளிகூட அதிகப் பிரகாசமாக இருக்காது. இது ஒளியியலின் விதி. லென்ஸ் கூடுதலாகச் சேர்க்கும் ஒளியை, பெருக்கிய பிம்பத்தின் பரப்பு முழுவதும் பங்கிட்டுவிடுகிறது. 8×56 ஸ்கோப் வெறுங்கண்ணைப் போல 64 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. பிம்பமும் 64 மடங்கு பரப்பில் விரிகிறது. அப்படியானால் ஏன் அதில் நன்றாகத் தெரிகிறது? பெரிதாகிவிட்டதால்தான். சின்னப் பிம்பமாக இருந்தால் பார்வையற்ற மையக்குழிக்குள்ளேயே அடங்கிப்போகும் உருவம், பெரிதானதும் சுற்றியுள்ள குச்சி செல்களின் மேலும் படர்கிறது. ஆயிரக்கணக்கான செல்கள் சேர்ந்து தரும் சேதியை மூளை கூட்டிப் பார்க்கிறது. காது எங்கே, மூக்கு எங்கே என்பது அப்படித்தான் புலனாகிறது. அந்தியில் ஸ்கோப் செய்யும் நன்மை வெளிச்சத்தில் இல்லை, பெருக்கத்தில் இருக்கிறது.

பெருக்கத்தையும் லென்ஸ் அளவையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, அந்தி எண் என்று ஒன்றைத் தயாரிப்பாளர்கள் அச்சிடுவார்கள். 8×56-க்கு அது 21.2. கணக்கு நியாயமானதுதான், ஆனால் தனியாக நம்பினால் ஏமாற்றிவிடும். சட்டைப்பைக்குள் அடங்கும் 20×25 பைனாகுலரின் அந்தி எண் 22.4. எண்ணில் அது முந்துகிறது. அதன் ஒளிவட்டமோ 1.25 மில்லிமீட்டர், கருக்கலில் அதில் ஒன்றுமே தெரியாது. முதலில் ஒளிவட்டம் கண்மணியை நிரப்புகிறதா என்று பார்க்க வேண்டும். நிரப்பினால் மட்டும் அந்தி எண்ணை ஒப்பிடலாம். பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு இது நேரடியாக உதவும். 3-9×40 வகை ஸ்கோப்பை 9-ல் வைத்தால் வட்டம் 4.4 மில்லிமீட்டர், 6-க்கு இறக்கினால் 6.7. இருட்ட இருட்ட வளையத்தைத் திருப்பி, உருவம் தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். அந்த இடம் ஆளுக்கு ஆள் மாறும்.

அடுத்தது கண்ணாடியின் பூச்சு. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீத ஒளி திரும்பிப் போய்விடும். ஸ்கோப்புக்குள் 12 பரப்புகள் இருந்தால் கடைசியில் வந்து சேர்வது 61 சதவீதம். திரும்பிய ஒளியும் சும்மா போவதில்லை. உள்ளுக்குள்ளே அலைந்து படத்தை வெளுக்க வைக்கும். உக்ரைனில் பிறந்து ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் சைஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர் அலெக்சாண்டர் ஸ்மாகுலா, 1935-ல் இதற்கு ஒரு வழி கண்டார். ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு தடிமனுள்ள மிக மெல்லிய படலத்தைக் கண்ணாடியின்மேல் படியவைத்தார். படலத்தின் மேல்பரப்பில் திரும்பும் அலையும் அடிப்பரப்பில் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, எதிரொளிப்பு பெருமளவு ஒழிந்தது. ராணுவ ரகசியமாகப் பல ஆண்டுகள் மூடி வைக்கப்பட்ட உத்தி இது. இன்று பல அடுக்குப் பூச்சுகளால் ஒரு பரப்பின் இழப்பு அரை சதவீதம் அளவுக்கு வந்துவிட்டது. அதே 12 பரப்புகளைத் தாண்டி 94 சதவீதம் கிடைக்கிறது. 61-லிருந்து 94 என்பது நம் அளவுகோலில் நாலரை நிமிடம். பெரிய லாபம்தான். ஆனால் 90 சதவீத ஸ்கோப்புக்கும் 95 சதவீத ஸ்கோப்புக்கும் உள்ள வித்தியாசம்? அரை நிமிடம். அந்த அரை நிமிடத்துக்காக இரு மடங்கு விலை கொடுக்கச் சொல்பவர்களுக்குச் செவிகொடுக்க வேண்டாம் என்பேன். மிச்சப் பணத்தில் தோட்டா வாங்கிப் பயிற்சி செய்யலாம்.

வெளிச்சம் இருந்தும் குறிக்கோடு தெரியாமல் போவதே பலருக்கு முதலில் வரும் இடையூறு. பகலில் அழகாகத் தெரியும் மயிரிழைக் கோடுகள் அந்தியில் கறுத்த பன்றியின் உடம்பில் கரைந்துவிடும். பழைய ஜெர்மானியப் பாணியில் இதற்கு விடை உண்டு. நான்காம் எண் குறி என்று அவர்கள் சொல்லும் அமைப்பில், இடம், வலம், கீழ் என மூன்று பக்கமிருந்தும் தடித்த பட்டைகள் வரும். நடுவில் மட்டும் மெல்லிய கோடு. நடுக்கோடு மறைந்த பிறகும் மூன்று பட்டைகள் தெரியும். அவை சுட்டும் வெற்றிடத்தின் நடுவை மனம் தானாகவே கண்டுகொள்ளும். மின்கலமும் வேண்டாம், பொத்தானும் வேண்டாம். அந்த எளிமைக்காகவே எனக்கு அதன்மேல் தனி மதிப்பு. குறிக்கோடு முன் குவிதளத்தில் அமைந்த ஸ்கோப்பில், பெருக்கத்தைக் கூட்டினால் பட்டைகளும் சேர்ந்து தடிக்கும்; பின் குவிதளத்தில் இருந்தால் தடிமன் மாறாது. அந்திக்கு முன்னதும், பகலில் தொலைதூரச் சுடுதலுக்குப் பின்னதும் பொருந்தும்.

இப்போது பெரும்பாலான அந்தி ஸ்கோப்புகளில் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி எரிகிறது. இதில் உடலியலின் ஓர் அழகு இருக்கிறது. புள்ளியின் பிம்பம் விழுவது மையக்குழியில். அங்கே இருப்பவை கூம்பு செல்கள், அவற்றுக்குச் சிவப்பு தெரியும். சுற்றியுள்ள குச்சி செல்களுக்கு அடர்சிவப்பு தெரியாது. ஆகவே அவற்றின் இருட்டுப் பழக்கம் கெடுவதில்லை. ஒரே கண்ணில் இரண்டு பார்வைகள் ஒன்றையொன்று கெடுக்காமல் வேலை செய்கின்றன. ஆனால் புள்ளியின் பிரகாசத்தைக் கூட்டிவிட்டால் எல்லாம் பாழ். புள்ளி ஊதிப் பெருத்து இலக்கை மூடும், கண்மணி சுருங்கும். முழுவதும் அணைத்துவிட்டு, ஒவ்வொரு படியாக ஏற்றி, புள்ளி முதன்முதலில் கண்ணுக்குப் பட்ட படியிலேயே நிறுத்த வேண்டும். இருட்ட இருட்ட அதையும் குறைக்க வேண்டும்.

பெருக்கமே இல்லாத சிவப்புப் புள்ளிக் குறியும் உண்டு. வளைந்த ஒரு கண்ணாடியின் குவியத்தில் சிறு விளக்கை வைத்தால், அதன் ஒளி இணைகதிர்களாகத் திரும்பி, புள்ளி எங்கோ தொலைவில் மிதப்பதுபோல் தெரியும். கண்ணைச் சற்று நகர்த்தினாலும் புள்ளி இலக்கைவிட்டுப் பெரிதாக விலகாது. இந்தத் தத்துவத்தை 1900-ல் கண்டறிந்தவர் டப்ளின் நகரத் தொலைநோக்கி வல்லுநர் ஹோவர்ட் கிரப்.  மின்விளக்குப் புள்ளியாக அதைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தது ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம், 1975-ல். வேகத்துக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக் குறிபார்க்கலாம். ஆனால் பெருக்கம் இல்லாததால், அந்தியில் இலக்கைப் பற்றி வெறுங்கண் சொல்வதைத் தாண்டி இது எதுவும் சொல்லாது. புள்ளியின் அளவையும் பார்த்து வாங்க வேண்டும். பாகையில் அறுபதில் ஒரு பங்கு 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர். அதைப்போல நான்கு மடங்குள்ள புள்ளி, அங்கே 11.6 சென்டிமீட்டரை மறைத்துவிடும். உருட்சிப் பிழை (அஸ்டிக்மாட்டிசம்) உள்ள கண்ணுக்குப் புள்ளி வட்டமாகத் தெரியாமல் சிதறித் தெரியும். அவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டே பார்க்க வேண்டும்.

ஸ்கோப் இல்லாத துப்பாக்கியில், குழல் நுனியில் ஒரு முன்குறி, கண்ணருகே ஒரு பின்குறி. என்.சி.சி.யில் சுட்டவர்கள் ஃபோர்சைட், பேக்சைட் என்று அறிந்திருப்பார்கள். கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தில்தான் குவிக்க முடியும். பின்குறி, முன்குறி, இலக்கு என்ற மூன்றையும் ஒன்றாகத் தெளிவாக்குவது பகலிலேயே சிரமம். பின்குறியின் ஓட்டை சிறிதாக இருந்தால் பகலில் தெளிவு கூடும். அந்தியில் அதுவே வெளிச்சத்தை அடைத்துவிடும். எனவே கருக்கலுக்கு அகன்ற ஓட்டை வேண்டும். அந்தக் கால ஆங்கிலேய வேட்டைத் துப்பாக்கிகளில், நுனியில் மடித்து வைத்திருக்கும் பெரிய வெள்ளைக் குமிழ் ஒன்று இருக்கும். நிலா வெளிச்சத்தில் அதை நிமிர்த்திக்கொள்வார்கள். தந்தத்திலோ வெள்ளை எனாமலிலோ செய்யப்பட்ட அந்தக் குமிழ், சாதாரண முன்குறி மறைந்த பிறகும் தெரியும். குமிழ்களில் ஒரு குறை உண்டு. வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மட்டும் வந்தால் குமிழின் அந்தப் பக்கம்தான் மின்னும். மின்னும் பகுதியையே முழுக் குமிழ் என்று கண் எடுத்துக்கொள்ளும். வலப்பக்கம் அந்திச் செவ்வானம் என்றால், தோட்டா இடப்பக்கம் விலகிப் போகும்.

தானே ஒளிரும் குறிகளில் இன்று பயன்படுவது ட்ரிட்டியம். ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான இந்த வாயுவைச் சிறு கண்ணாடிக் குழாயில் அடைத்து, உட்சுவரில் ஒளிரும் பொடியைப் பூசியிருப்பார்கள். ட்ரிட்டியம் வெளிவிடும் எலெக்ட்ரான்கள் பட்டு அந்தப் பொடி ஒளிர்கிறது. அவற்றின் ஆற்றல் மிகக் குறைவு. குழாயின் சுவரையே தாண்டாது. முன்பு கைக்கடிகார முகப்புகளுக்குப் பூசிய ரேடியம் அப்படிப்பட்டதல்ல. அதைத் தூரிகை நுனியை உதட்டில் கூராக்கிக்கொண்டு பூசிய அமெரிக்கத் தொழிற்சாலைப் பெண்கள் தாடை எலும்பு அழுகி இறந்ததும், அவர்களில் உயிரோடிருந்தவர்கள் நியூ ஜெர்சியில் தொடுத்த வழக்கு 1928-ல் இழப்பீட்டில் முடிந்ததும் வரலாறு. ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. பழைய துப்பாக்கி ஒன்றை வாங்குகிறவர் குறியில் பொறித்த தயாரிப்பு ஆண்டைப் பார்க்க வேண்டும். 25 ஆண்டு ஆகியிருந்தால் ஒளி கால் பங்குதான் மிச்சம். பச்சை நிறமே நல்லது, குச்சி செல்களுக்கு அது நன்றாகத் தெரியும் என்பதால். பின்குறியின் இரண்டு புள்ளிகள் முன்குறியைவிட மங்கலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவசரத்தில் கண் மூன்றையும் குழப்பிக்கொள்ளும். ஒளியிழைக் குறிகள் சுற்றுப்புற வெளிச்சத்தைச் சேர்த்து நுனியில் காட்டுபவை. அந்தியில் மின்னும், இருட்டில் அணைந்துவிடும்.

ட்ரிட்டியக் குறி இருட்டில் எதைக் காட்டுகிறது? தன்னைத்தான். எதிரே நிற்பதைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லாது. அமாவாசை இருட்டிலும் மூன்று பச்சைப் புள்ளிகளை ஒரு கோட்டில் நிறுத்தலாம். அந்தக் கோட்டின் முடிவில் பன்றி இருக்கிறதா, படுத்திருக்கும் மாடு இருக்கிறதா, குனிந்து வேலை செய்யும் மனிதர் இருக்கிறாரா என்று தெரியாது. மனிதரைப் பன்றி என்று எண்ணிச் சுட்ட விபத்துகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. கேரளத்திலும் கர்நாடகத்திலும் நடந்து செய்தியாக வந்திருக்கின்றன.

இலக்கின்மேல் வெளிச்சம் அடிப்பதே இதற்கு நேரான தீர்வு. கார்வால் மலையில் 1918 முதல் எட்டு ஆண்டுகளில் 125 பேரைக் கொன்றதாக அரசுப் பதிவில் உள்ள ருத்ரபிரயாகைச் சிறுத்தையை, 1926 மே மாதத் தொடக்கத்தில் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சுட்டது டார்ச் வெளிச்சத்தில்தான். குலாப்ராய் என்ற இடத்தில் மாமரத்தின்மேல் காத்திருந்தார். கீழே கட்டியிருந்த ஆட்டின் மணி சட்டென்று ஒலித்ததும், துப்பாக்கியில் பொருத்தியிருந்த டார்ச்சை அழுத்தினார். குறி சிறுத்தையின் தோளில் நேராக நின்றது. விசையை இழுத்த அதே நொடியில் டார்ச் அணைந்துபோனது. பல மாதங்களாக மாற்றாத பேட்டரி. தோட்டா பட்டதா இல்லையா என்று தெரியாமல் இருட்டில் மணிக்கணக்காகக் காத்திருந்தார். அந்தச் சில விநாடி வெளிச்சம், குறிவைப்பதற்கும் இன்னதென்று அறிவதற்கும் ஒன்றாகவே உதவியது. டார்ச் பொருத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது, எடையைக் குழலில் கட்டினால் தோட்டா விழும் இடம் மாறிவிடும் என்பதை. டார்ச் மாட்டிய நிலையிலேயே மறுபடி சுட்டுச் சரிபார்க்க வேண்டும். பனிமூட்டம் இருந்தால் ஒளி பட்டுத் திரும்பி வெள்ளைச் சுவராகிவிடும். அப்போது டார்ச் உதவாது.

அண்மைக் காலத்தில் ஜெர்மனியில் பன்றி வேட்டைக்கு இரவுநோக்கிக் கருவிகளையும் வெப்பம் உணரும் கருவிகளையும் பல மாநிலங்கள் அனுமதிக்கத் தொடங்கிவிட்டன. வெப்பக் கருவிக்கு வெளிச்சமே வேண்டாம்; உடல் சூட்டை வெள்ளை உருவமாகக் காட்டிவிடும். சில நூறு மீட்டருக்கு அப்பால் உயிருள்ள ஒன்று நிற்கிறது என்று கண்டுபிடிக்க இதற்கு இணை கிடையாது. ஆனால் அது ஒரு வெள்ளைத் திட்டு. புல்லுக்குள் மறைந்து நிற்கும் குட்டிகளின் வரிக்கோடு அதில் தெரியாது. குட்டிகளை வளர்க்கும் தாயைச் சுடுவதை அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அதைச் செய்யக்கூடாது. பெரிய பன்றி தனியாக நிற்கிறது என்று நினைத்து விசையை இழுத்தபின் சோளத்துக்குள்ளிருந்து குட்டிகள் ஓடிவந்தால், அதை எந்தத் தொழில்நுட்பத்தாலும் திருத்த முடியாது.

கருவியை வாங்கிய பிறகு அதைத் தன் கண்ணுக்கு இசைவாக்குவதில்தான் பாதி வேலை இருக்கிறது. பின் லென்ஸைத் திருப்பிக் குறிக்கோட்டைத் தெளிவாக்கும் வேலையை எல்லோரும் நண்பகலில் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். இருட்டில் கண் சற்றுக் கிட்டப்பார்வை அடைகிறது. கிரீன்விச் வானாய்வகத் தலைவர் நெவில் மாஸ்கலீன் 1789-லேயே தன் கண்ணில் இதைக் கவனித்தார். 1883-ல் இயற்பியலாளர் ராலே பிரபுவும் இதைப் பற்றி எழுதினார். கண்ணாடியின் பவரை அளக்கும் டயாப்டர் கணக்கில், அரை முதல் ஒன்று வரை மாறுபவர்கள் உண்டு. எனவே பின் லென்ஸை அந்தியில், வெறும் வானத்தை நோக்கி, இரண்டு மூன்று விநாடிக்கு மேல் உற்றுப் பார்க்காமல் சரிசெய்ய வேண்டும். அதிக நேரம் பார்த்தால் கண் தானே முயன்று கோட்டைத் தெளிவாக்கிக்கொள்ளும், பிழை மறைந்துவிடும். தோட்டா விழும் இடத்தை நேர்செய்வதைப் பகலில் செய்யலாம். ஆனால் புள்ளி எரியும்போது ஒருமுறை, அணைத்து ஒருமுறை, அந்தி வெளிச்சத்தில் ஒருமுறை சுட்டுப் பார்த்து, மூன்றும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று உறுதிசெய்ய வேண்டும்.

இன்னும் ஒரு சோதனை உண்டு. அதற்குத் தோட்டாவே வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம். ஸ்கோப்பைக் கழற்றி ஒரு முக்காலியில் கட்டி, வழக்கமாகச் சுடும் தூரத்தில் ஓர் அட்டையை நிறுத்தலாம். அட்டையில் வெள்ளைமேல் கறுப்புக்குப் பதில் பழுப்பின்மேல் கறுப்பாக, வெவ்வேறு அளவில் எழுத்துகள். பன்றிக்கும் மண்ணுக்கும் உள்ள வேறுபாடு அந்த அளவுதான். சூரியன் மறைந்ததிலிருந்து உட்கார்ந்து, எழுத்தைப் படிக்க முடியாமல் போன நிமிடத்தைக் குறித்துக்கொள்ளலாம். குறிக்கோட்டை அட்டையின் நடுவில் நிறுத்த முடியாமல் போன நிமிடத்தையும் குறிக்கலாம். மயிரிழைக் கோடுள்ள ஸ்கோப்பில் குறிக்கோட்டின் நேரம் முந்தி வரும்; கோடுதான் முதலில் மறையும். தடித்த பட்டைக் குறியில் இரண்டும் நெருங்கி வரும். ஒளிரும் புள்ளியில் எழுத்து மறையும் நேரம் மட்டுமே இருக்கும். புள்ளி விடிய விடியத் தெரியும். அந்த ஸ்கோப் வைத்திருப்பவருக்கு எழுத்து மறைந்த நிமிடமே கடைசி நிமிடம். அதைத் தாண்டிய பிறகு விரல் விசைக்குப் போகக்கூடாது.

மேகம், நிலா, தரையின் நிறம் மூன்றும் இந்த நிமிடத்தை மாற்றும். காட்டுத் தரை தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. புதுப்பனி எட்டுப் பங்குக்கு மேல் அனுப்பும். வெண்பனிமேல் கறுத்த பன்றி எதிர்நிறத்தில் நிற்பதால் விளிம்பும் தெளிவாகத் தெரிகிறது. முழுநிலவின் கால் லக்ஸ் வெளிச்சத்தில்கூட, பனி பெய்த வயலில் பெரியது எது, குட்டி எது என்று 8×56-ல் பிரித்தறிய முடிகிறது. ஜெர்மானியப் பன்றி வேட்டைக்காரர்கள் ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருப்பது ஜனவரி, பிப்ரவரியில் நிலவும் பனியும் சேர்ந்து வரும் அந்த ஒரு சில இரவுகளைத்தான்.